சொந்தமா நின்னு வீடு கட்டுதோம், செண்டிரிங் ஆள் விழுந்துட்டான். பொறுப்பு யாருக்கு? அவசரம் (2025 பிப்ரவரி இழை; இதுல வர்ற 1923, 1996 தொழிலாளர் சட்டங்கள் 2025 நவம்பர் வரைக்கும் நடப்பில இருந்தவை)

கேடிசிநகர்_புதுவீடு (11 பிப்ரவரி 2025, இரவு 9.42)
அண்ணாச்சிமாரே, அவசரமா ஒரு உதவி. வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். நேத்து மத்தியானம் செண்டிரிங் (ரூஃப் காங்கிரீட்டைத் தாங்குற பலகை) அடிக்கையில, அதுக்குக் கீழ நிறுத்தின முட்டு நழுவி ஒரு தம்பி மேல இருந்து விழுந்துட்டான். காலு ஒடிஞ்சிட்டு. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். இன்னைக்குச் சாயங்காலம் அவன் வீட்டுப் பெரியவங்க வந்து மூணு லட்சம் கேக்காவ. மேஸ்திரி "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஓனர் பாடு"ன்னு ஒதுங்கிட்டாரு. காண்ட்ராக்டர்னு யாரும் கிடையாது. சட்டப்படி நான் குடுக்கணுமா? ஒரு தொகையக் குடுத்து எழுதி வாங்கிட்டா முடிஞ்சிருமா? நாளைக்குக் காலைல திரும்ப வாரோம்னு சொல்லிட்டுப் போயிருக்காவ. சீக்கிரம் சொல்லுங்க.

வள்ளியூரான் (9.55)
பயப்படாதீங்க. எங்க சித்தப்பா வீட்டு வேலையிலயும் இப்படி ஆச்சு. பத்திரத்துல "இனிமே எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு எழுதி, ரெண்டு சாட்சி போட்டு, நோட்டரி சீல் வச்சுட்டாங்க. அதுக்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்ல. ஊர்ப் பெரியவர் ஒருத்தர வச்சுப் பேசுங்க. பாதியில முடியும்.

பாளை_வக்கீல் (10.08)
வள்ளியூரார் சொன்னதைச் செய்யாதீங்க. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923, பிரிவு 17: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்னு தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. விபத்து நடந்து ரெண்டு வருஷம் வரைக்கும் அவர் மனு போடலாம். உங்க பத்திரம் அப்போ உதவாது.

ஆனா நீங்க குடுத்த விவரத்தை வச்சு மேல எதுவும் சொல்ல முடியாது. கூலி யார் கையில இருந்து போகுது? மேஸ்திரிகிட்ட சதுர அடிக் கணக்கா, நாள் கூலியா? எழுத்துல ஏதாவது உண்டா? கட்டடம் எத்தனை மாடி? அந்தத் தம்பிக்கு வயசு என்ன?

சைட்_இன்ஜினியர்_நெல்லை (10.20)
இதே கேள்வி இந்தக் குழுவுல எத்தனை தடவை வந்தாச்சு? யாரும் பழசைத் தேடிப் படிக்கிறதில்ல. முப்பது வருஷமா சைட்ல நிக்கிறவன் சொல்றேன், கேட்டுக்கோங்க. காண்ட்ராக்டருக்குக் குடுக்கிற லாபத்தை மிச்சம் பிடிக்கணும்னுதானே நீங்களே எடுத்துக் கட்டுறீங்க? அந்த லாபத்துக்குள்ளதான் இந்தப் பொறுப்பும் இருக்கு. அவர் இடத்துல நீங்க நிக்கும்போது பொறுப்பும் உங்க தலையிலதான். சாரம் சரியா இருக்கா, முட்டு சரியா இருக்கான்னு தினம் பாக்க ஆள் வச்சீங்களா? பிளானுக்குக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் சைட்டுக்கு வந்தாரா? மொதல்ல அதைச் சொல்லுங்க.

களக்காடு_செல்வி (10.31)
அந்தத் தம்பி இப்போ எப்படி இருக்கான்? அதை ஒருத்தரும் கேக்கலையே. எங்க வீட்டுக்காரரும் செண்டிரிங் வேலைதான். கால் ஒடிஞ்சா பழையபடி மேல ஏற மாசக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் வீட்டுல அடுப்பு எரியணும்லா. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருக்கானா, கார்டு இருக்கான்னு கேளுங்க. இருந்தா அங்க இருந்தும் உதவி உண்டு.

கேடிசிநகர்_புதுவீடு (10.44)
தம்பி பேசுதான். நாளைக்கழிச்சு பிளேட் வைக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. 25 வயசு. கார்டு இருக்காம், புதுப்பிக்கலையாம். கீழ முடிஞ்சு மாடிக்கு ரூஃப் அடிச்சிக்கிட்டு இருந்தோம். மாநகராட்சி அப்ரூவல் இருக்கு. அப்ரூவலுக்குப் பணம் கட்டும்போதே நல வாரியத்துக்குன்னு ஒரு சதவீதம் வாங்கினாங்க, ரசீது இருக்கு. அப்போ வாரியம்தானே குடுக்கணும்?

மேலப்பாளையம்_கொத்தனார் (10.52)
கூலி யாரு குடுத்தான்னு வக்கீல் கேட்டாரே, அதுக்குப் பதில் வரலையே பாய். எங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயந்தான் இது. சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசி எடுத்தா ஆளு என் ஆளு, அடிபட்டா நான் பாக்கணும். ஓனர் தனியா செண்டிரிங் ஆளக் கூப்பிட்டு இறக்கினா அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? உங்க மேஸ்திரி சொல்றதுல நியாயம் இருக்கலாம்.

கேடிசிநகர்_புதுவீடு (11.03)
கொத்து வேலை மட்டும்தான் மேஸ்திரிக்குச் சதுர அடிக் கணக்கு. செண்டிரிங் ஆளுங்களை நான்தான் தனியாப் பேசினேன், பலகை வாடகையும் நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமை ஆளாளுக்கு ஜிபேல கூலி போட்டுருவேன். எழுத்துல எதுவும் இல்ல.

பாளை_வக்கீல் (11.21)
இதுதான் முக்கியமான விவரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்க கணக்குல இருந்து அவர் கணக்குக்குக் கூலி போயிருக்கு. இதுக்கு மேல சாட்சி வேண்டாம், முதலாளி நீங்கதான். மேஸ்திரி மூலமா மொத்தமாப் பேசி, ஆளுக்குக் கூலியும் அவரே குடுத்திருந்தா பொறுப்பு முதல்ல அவர் மேலதான் வந்திருக்கும். இங்க அந்த வாதத்துக்கே இடமில்ல.

"சொந்த வீடுதானே, நான் என்ன கம்பெனியா நடத்துறேன்"னு பல பேரு கேப்பாங்க. தொழில் இல்லாத ஒருத்தர் தற்காலிகமா ஆள் வச்சா இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு முன்னாடி ஒரு விலக்கு இருந்தது. 2000-ல அதை எடுத்துட்டாங்க. ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடம், இல்லைன்னா தரையில இருந்து கூரை உச்சி வரை 12 அடியோ அதுக்கு மேலயோ உயரம் இருந்தா, அதுல கட்டுமான வேலை பாக்குறவர் இந்தச் சட்டத்துக்குள்ள வந்துருவார். உங்க வீடு மாடி வீடு.

இனி கணக்கு. மாதக் கூலி எவ்வளவா இருந்தாலும் கணக்கில எடுக்கிற உச்சவரம்பு 15,000 ரூபாய். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாசத்துக்கு ஒரு தடவை அதுல 25 சதவீதம், அதாவது 3,750. மாசத்துக்கு 7,500. மருத்துவச் செலவு உண்மையில் ஆனது எவ்வளவோ அது தனி. கால் நிரந்தரமாப் பாதிச்சா, சம்பாதிக்கிற திறன்ல எத்தனை சதவீதம் போச்சுன்னு டாக்டர் சான்று தரணும். வயசுக்கு ஏத்த ஒரு பெருக்கு எண் சட்டத்தோட அட்டவணைல இருக்கு, 25 வயசுக்கு அது 216.91. 15,000-ல 60 சதவீதம் 9,000, அதை 216.91-ஆல பெருக்கினா 19,52,190 ரூபாய், இது சம்பாதிக்கிற திறன் முழுசாப் போனா. பத்து சதவீத இழப்புன்னு டாக்டர் எழுதினா அதுல பத்துல ஒண்ணு, ரூ.1,95,219. அதனால மூணு லட்சம் கூடுதலா குறைவான்னு இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது.

வாரியத்துக்குக் கட்டின ஒரு சதவீதம் உங்க பொறுப்பை மாத்தாது. அவங்க தர்றது நல உதவி. இழப்பீடு முதலாளி கடமை.

வள்ளியூரான் (11.30)
அப்போ கோர்ட்டுக்குப் போனா லட்சக்கணக்குல போகும்னுதானே சொல்லுதீங்க? அதுக்குத்தான் நான் பேசி முடிக்கச் சொன்னேன். பாவம் அவரும் கடன் வாங்கிக் கட்டுறவரா இருப்பாரு.

பாளை_வக்கீல் (11.36)
பேசி முடிங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த உடன்பாட்டைத் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துல பதிவு பண்ணுங்க. தொகை நியாயத்துக்குக் குறைவா இருந்தா அவரே பதிவு பண்ண மறுப்பார். பதிவானா ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு. கடன் வாங்கினவர் நிலைமை எனக்கும் புரியுது. அந்தத் தம்பி வீட்டுலயும் கடன் இருக்கும்.

சைட்_இன்ஜினியர்_நெல்லை (12 பிப்ரவரி, காலை 6.15)
முட்டு எப்படி நழுவிச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. சவுக்கு முட்டா, இரும்பு ஜாக்கியா? கீழ என்ன வச்சிருந்தீங்க? நான் போற சைட்ல எல்லாம் சவுக்குக் கம்பு வேண்டவே வேண்டாம்னு சொல்லிருவேன். இந்தக் காலத்துலயும் கம்பை நம்பி மாடி ரூஃப் அடிக்கிறவங்களுக்கு என்ன சொல்ல.

மேலப்பாளையம்_கொத்தனார் (6.40)
சார், சவுக்கைக் குறை சொல்லாதீங்க. இந்த ஊர்ல பாதி வீடு சவுக்கு முட்டுலதான் நின்னு எழும்பியிருக்கு. நேரான கம்பா பாத்து, கீழ பலகை போட்டு, ஆப்பு அடிச்சு, நடுவுல குறுக்குக் கட்டு கட்டினா அசையாது. நீளம் பத்தலன்னு அடியில ரெண்டு செங்கல் அடுக்கி நிறுத்துவாங்க பாருங்க, அதுதான் ஆபத்து. ஜாக்கிக்கும் அடியில மண்ணு இறங்கினா இதே கதிதான்.

சைட்_இன்ஜினியர்_நெல்லை (6.52)
ஜாக்கில உயரத்தைத் திருகிச் சரிபண்ணலாம், செங்கல் அடுக்குற வேலையே வராது. அதைத்தான் சொல்றேன். வாடகை கூடன்னு ஓனர் வேண்டாம்பாரு, நீங்களும் சரின்னுருவீங்க.

மேலப்பாளையம்_கொத்தனார் (7.01)
வாடகை கூடன்னு சொல்றது ஓனர். ஏறி நிக்கிறது நாங்க. எங்க உயிர் மேல எங்களுக்கு அக்கறை இல்லன்னு நினைக்கீங்களா? ஜாக்கி இறக்கித் தாங்க, அதுல ஏறுறோம்.

கேடிசிநகர்_புதுவீடு (7.10)
சவுக்குதான். ஒரு முட்டுக்குக் கீழ செங்கல் இருந்தது உண்மைதான், போட்டோல தெரியுது. போலீஸ் வருமா?

பாளை_வக்கீல் (7.34)
கொத்தனாரும் இன்ஜினியரும் அந்த விவாதத்தைத் தனி இழையில வச்சுக்கோங்க, ரெண்டு பேரும் சொல்றது பயனுள்ளதுதான்.

போலீஸ்: விபத்துன்னு ஆஸ்பத்திரில பதிஞ்சதும் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது புது தண்டனைச் சட்டம், 125-ம் பிரிவுல வழக்குப் பதியலாம். கட்டடம் கட்டும்போது ஆளுக்கு ஆபத்து வராமப் பாத்துக்கத் தவறினா 290-ம் பிரிவு இருக்கு. பழைய தண்டனைச் சட்டம் 288-ல இடிக்கிறது, பழுது பாக்கிறது மட்டும்தான் இருந்தது. இப்போ கட்டுறதையும் சேர்த்துட்டாங்க. அந்த போட்டோவை அழிக்காதீங்க, முட்டையும் கலைக்காதீங்க. கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

இன்னொண்ணு. வீட்டு மதிப்பு எவ்வளவு? கீழ்த்தள ரூஃப் காங்கிரீட் போட்ட அன்னைக்கு எத்தனை பேர் வேலை பாத்தாங்க?

கேடிசிநகர்_புதுவீடு (7.48)
மொத்தம் 42 லட்சம் வரும். அன்னைக்கு மிக்சர் மெஷின் ஆளுங்களோட இருபது பேருக்கு மேல. ஏன்?

பாளை_வக்கீல் (8.05)
கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 1996. சொந்தக் குடியிருப்புக்கு விலக்கு உண்டு, ஆனா செலவு பத்து லட்சத்துக்குள்ள இருந்தாத்தான். இந்த விலைவாசியில பத்து லட்சத்துக்கு மாடி வீடு எங்க இருக்கு? கடந்த 12 மாசத்துல ஏதாவது ஒரே ஒரு நாள் பத்து பேர் வேலை செஞ்சிருந்தாலும் போதும், நீங்க அதுக்குள்ள வந்துருவீங்க. வேலை தொடங்கி 60 நாளுக்குள்ள பதிவு, தொடங்குறதுக்கு 30 நாளைக்கு முன்னாடியே எழுத்துல அறிவிப்பு, உயரத்துல நிக்கிறவங்களுக்குப் பாதுகாப்பு, எல்லாம் முதலாளி செய்ய வேண்டியது. சொந்தமா வீடு கட்டுற நூத்துல தொண்ணூறு பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தெரியாதுங்கிறதைச் சட்டம் ஏத்துக்காது. மாநகராட்சி அனுமதி தரும்போதே இதை ஒரு தாள்ல அடிச்சுக் கையில குடுத்தா எத்தனையோ குடும்பம் தப்பிக்கும்.

மிச்ச வேலைக்காவது தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் எடுங்க. நடந்து முடிஞ்ச விபத்துக்கு அது செல்லாது.

அம்பை_வாத்தியார் (9.20)
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் சுயசான்றுத் திட்டத்துல அனுமதி வாங்கியிருக்கேன். 2024 ஜூலையில வந்ததே, 2,500 சதுர அடி மனைக்குள்ள 3,500 சதுர அடி வரைக்கும். அப்படி வாங்கினவங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

சைட்_இன்ஜினியர்_நெல்லை (9.31)
சார், அது வரைபட அனுமதியைச் சீக்கிரம் வாங்குற வழி. அவ்வளவுதான். முட்டு சரியா நிக்குதான்னு அது வந்து பாக்குமா? வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு இன்ஜினியரை வரச் சொல்லுங்க. செண்டிரிங் முடிஞ்ச பிறகு, கம்பி கட்டின பிறகு, காங்கிரீட் போடுறதுக்கு முன்னாடி கட்டாயம் வரணும். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்காதீங்க.

களக்காடு_செல்வி (11.15)
கேடிசி அண்ணாச்சி, காலைல அவங்க வந்தாங்களா? என்ன ஆச்சு?

வள்ளியூரான் (13 பிப்ரவரி, மாலை 5.10)
ஆளையே காணோம். நல்லபடியா முடியட்டும்.

கேடிசிநகர்_புதுவீடு (1 மார்ச், இரவு 8.30)
பதில் போட நேரமில்ல, மன்னிச்சுக்கோங்க. பிளேட் வச்சாச்சு, தம்பி வீட்டுக்கு வந்துட்டான். பிளேட், ஸ்கேன், மருந்து எல்லாம் நான் குடுத்தாச்சு. ரெண்டு வீட்டாரும் சேர்ந்து தொழிலாளர் அலுவலகம் போனோம். வேலைக்குப் போற வரைக்கும் மாசம் 7,500, மத்தது டாக்டர் சான்று வந்த பிறகு. ஸ்டேஷன்ல வாக்குமூலம் வாங்கினாங்க. சைட்ல வேலை நிக்குது. பாலிசி எடுத்துட்டு, ஜாக்கி இறக்கித்தான் ரூஃப் போடணும். வக்கீல் சாருக்கும் எல்லாருக்கும் நன்றி.

களக்காடு_செல்வி (8.47)
ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. அந்தத் தம்பி கார்டைப் புதுப்பிச்சிட்டானா?