ஐசோபார் சோதனைக்குப் பிறகும் கைரல் காந்த விளைவைப் பிடித்துத் தொங்கலாமா?

சந்தேகசாமி:
"குவார்க் குழம்பில் கைரல் காந்த விளைவைக் கண்டுபிடித்தாயிற்று" என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துவிட்டிருந்தார். குவார்க் குழம்பு என்பது புரோட்டான், நியூட்ரான் எல்லாம் உருகி, உள்ளே இருக்கும் குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் அவிழ்ந்து ஓடும் நிலை. அதில் இடக்கை, வலக்கைக் குவார்க்குகளின் எண்ணிக்கை சமமில்லாதபோது காந்தப்புலத்தின் திசையிலேயே மின்னோட்டம் ஓடுவதுதான் கைரல் காந்த விளைவு. 2009இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஸ்டார் என்ற ஆய்வுக் குழு பார்த்தது வெறும் அறிகுறிதான். தங்க அணுக்கருக்கள் ஓரமாக உரசி மோதும்போது சுமார் 10^18 காஸ் காந்தப்புலம் உண்டாகிறது (மேக்னட்டார் விண்மீனிலேயே 10^15 தான்), அந்தப் புலத்தின் திசையில் பாசிட்டிவ் துகள்கள் ஒரு பக்கமும் நெகட்டிவ் மறுபக்கமும் கொஞ்சம் கூடுதலாகப் போவதுபோல் தெரிந்தது, அவ்வளவே. 2021இல் அதே குழு ஐசோபார் சோதனையில் (நிறை எண் ஒன்றாகவும் புரோட்டான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள இரண்டு வகை அணுக்கருக்களை ஒப்பிடுவது), ஆய்வு முடியும்வரை முடிவைத் தங்களுக்கே தெரியாமல் மூடி வைத்துப் பார்த்தபோது எதிர்பார்த்தது வரவில்லை.

பிளாஸ்மாபித்தன்:
அந்தச் சோதனையைப் பாதி சொல்கிறீர்கள் சாமி. ரூத்தேனியம், சிர்கோனியம் இரண்டிலும் 96 நியூக்ளியான்கள் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து), ஆனால் புரோட்டான் 44, 40. ஆகவே ரூத்தேனியத்தில் புலமும் விளைவும் கூட வேண்டும், பின்னணி (கைரல் விளைவு இல்லாமலே அதேபோல் தெரியவைக்கும் மற்ற காரணங்கள்) இரண்டிலும் ஒன்றாக இருக்கும், ரூத்தேனிய அளவுக்கும் சிர்கோனிய அளவுக்கும் உள்ள விகிதம் 1ஐத் தாண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு கருக்களின் வடிவமும் ஒன்றல்லவே! ரூத்தேனிய மோதலில் துகள்களே சில சதவீதம் அதிகம் வந்தன, துகள் கூடினால் பின்னணி நீர்த்துப்போகும், அதனால் ஒப்பிட வேண்டிய கோடே 1க்குக் கீழே இறங்கிவிட்டது.

சந்தேகசாமி:
கோட்டை இறக்கியும் என்ன கிடைத்தது? சிக்னலின் பங்கு அதிகபட்சம் 10 சதவீதம் என்ற வரம்புதானே. அதற்கும் முன்பே, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் சிஎம்எஸ் குழு புரோட்டானையும் ஈயத்தையும் மோதவிட்டுப் பார்த்தது. அங்கே புலத்தின் திசைக்கும் துகள் ஓட்டத்தின் தளத்துக்கும் பெரிதாகத் தொடர்பே கிடையாது, இருந்தும் ஈயம்-ஈயம் மோதலில் வந்த அதே அளவு மின்னூட்டப் பிரிவு வந்தது. அப்படியென்றால் அது பெரும்பாலும் பின்னணிதானே. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

லாட்டிஸ்காரன்:
குறுக்கே வருகிறேன். காந்தப்புலம் என்றாலே இந்த ஒரு விளைவுதானா? புலம் ஏற ஏற, ஹாட்ரான்கள் (புரோட்டான் போன்ற குவார்க் கட்டுகள்) உருகிக் குழம்பாகும் வெப்பநிலையும் (சுமார் 155 எம்இவி, அதாவது 1.8 லட்சம் கோடி கெல்வின்) ஏறும் என்றுதான் பல மாதிரிகள் சொன்னன. 2012இல் குவார்க்குகளுக்கு உண்மையான நிறை கொடுத்துக் கணினியில் போட்டால் அது இறங்குகிறது. புலம் நேரடியாகக் குவார்க்குகளைப் பிடித்து ஒடுக்கத்தை (வெற்றிடத்தில் நிறைந்திருக்கும் குவார்க்-எதிர்க்குவார்க் ஜோடிகளை) வளர்க்கிறது, அதே குவார்க்குகள் வழியாகக் குளுவான்களையும் கலைத்து ஒடுக்கத்தைக் குறைக்கிறது, உருகும் வெப்பநிலைக்கு அருகில் இரண்டாவதுதான் ஜெயிக்கிறது. எனக்கு இதுதான் பெரிய செய்தி.

சந்தேகசாமி:
உங்கள் கணினிப் புலம் அசையாமல் நிற்கிறது. மோதலில் அது 10^-24 நொடி அளவில் செத்துப்போகிறது, அதற்குள் குழம்பே சரியாக உருவாகாது.

பிளாஸ்மாபித்தன்:
முழுதாகச் சாகாது! குழம்பு மின்சாரம் கடத்தும், புலம் குறையும்போது ஃபாரடே விதிப்படி மின்னோட்டம் தூண்டப்பட்டு அதை இழுத்துப் பிடிக்கும். பாசிட்டிவ், நெகட்டிவ் துகள்களின் பக்கவாட்டு ஓட்டம் அதற்கேற்ப விலகுவதை ஸ்டார் குழு 2024இல் வெளியிட்டிருக்கிறது.

சந்தேகசாமி:
அது ஃபாரடே, கைரல் இல்லை. புலம் இல்லவே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? சரி, இப்போது எல்லாரும் தங்கத்துக்கே திரும்புகிறீர்கள், அதில் பின்னணியை எதை வைத்துக் கழிப்பீர்கள்?

பிளாஸ்மாபித்தன்:
மோதாமல் விலகிப்போகும் நியூக்ளியான்களின் தளத்தோடு புலம் ஒட்டியிருக்கும், மோதியவற்றின் தளத்தோடு பின்னணி ஒட்டியிருக்கும். ஒரே மோதலில் இரண்டையும் அளந்து வித்தியாசம் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில் மெல்லிய சாயல் ஒன்று தெரிகிறது, கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவைப்படும் ஐந்து சிக்மா உறுதிக்கு வெகு தூரம் என்பதும் உண்மைதான்.

லாட்டிஸ்காரன்:
அந்த இரண்டு தளங்களும் ரொம்ப விலகாது என்பதுதான் சிக்கலே.