ஒரு லட்சம் வெள்ளிக்குள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: 86-ஆ, எம்எக்ஸ்-5-ஆ, 350இசட்-ஆ?

செகாம்புட்_சரவணன்

வணக்கம். கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறேன். எல்லாச் செலவும் சேர்த்து ஒரு லட்சம் வெள்ளி. அதில் 20,000 கையில் இருக்கிறது, மீதி பேங்க் லோன். மானுவல் கியர், பின்சக்கர டிரைவ் கண்டிப்பாக வேண்டும். வேலைக்கு எல்ஆர்டி ரயிலில் போவதால் இது வார இறுதிக் காடி: உலு யாம், காராக் வழியாக புக்கிட் திங்கி, அவ்வளவுதான். காண்டோ பார்க்கிங் திறந்தவெளி.

பார்த்து வைத்தவை: 2012-14 டொயோட்டா 86, மாஸ்டா எம்எக்ஸ்-5 (மடியும் கெட்டிக்கூரை உள்ள 'என்சி' தலைமுறை), நிசான் 350இசட், ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2. குதிரைத்திறனுக்கு விலை பார்த்தால் 350இசட் மலிவாகத் தெரிகிறது. எதை எடுக்கலாம்? நேரில் போகும்போது எதை எல்லாம் பார்க்க வேண்டும்?

கெப்போங்_ஸ்பேனர்

தம்பி, முதலில் பட்டியலைக் குறைப்போம். எஃப்டி2 முன்சக்கர டிரைவ், நீங்கள் கேட்டதே அதில் இல்லை. அதோடு சாதாரண எஃப்டி சிவிக்கில் கே20ஏ என்ஜினும் டைப் ஆர் பம்பரும் மாட்டி விற்பவர்கள் அதிகம். அசல் ஜப்பானில் தயாரித்தது, சேஸிஸ் எண் எஃப்டி2 என்று தொடங்கும். 17 இலக்க எண், அதுவும் 'பி' எழுத்தில் தொடங்கினால் அது மலேசியாவில் தயாரித்த சிவிக்.

350இசட் மலிவாக நிற்பதற்குக் காரணம் ரோடு டேக்ஸ். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 3,000 சிசி-க்கு மேல் 2,130 வெள்ளி, மேற்கொண்டு ஒவ்வொரு சிசி-க்கும் 4.50. 3,498 சிசி-க்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 4,371 வெள்ளி. 1,998 சிசி 86-க்கு 379 வெள்ளி. வாரத்தில் ஒரு நாள் ஓடும் காடிக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 20,000 வெள்ளி.

மிஞ்சுவது 86-உம் எம்எக்ஸ்-5-உம். எனக்கு 86 தெரியும், அதைச் சொல்கிறேன்.

என்ஜின் எஃப்ஏ20, பாக்ஸர் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும்), கம்ப்ரஷன் (கலவையை அமுக்கும் விகிதம்) 12.5:1. ரோன்95 பெட்ரோல் அடிக்க வேண்டாம், ரோன்97-தான் குறைந்தபட்சம். 2012-13-இல் செய்த என்ஜின்களில் வால்வ் ஸ்பிரிங் உடையலாம் என்று 2018 கடைசியில் ரீகால் (கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது. அந்த வேலைக்கு என்ஜினைக் கீழே இறக்கி, கேம் பக்கத்தைத் திறந்து, மறுபடி சீலன்ட் பூசி மூட வேண்டும். சீலன்ட் அதிகமானால் உள்பக்கம் பிதுங்கிய துணுக்குகள் ஆயில் சம்புக்குள் விழும், ஆயிலை உறிஞ்சும் பிக்கப் வலையை அடைக்கும், ஆயில் போகாமல் ராடு பேரிங் (பிஸ்டன் தண்டு சுழலும் இடத்து பேரிங்) தேயும். ரீகால் செய்த காடி என்றாலே பயப்படத் தேவையில்லை. ஆனால் "ரீகால் முடிந்தது" என்பதை ஒரு தகுதியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழ் ஆயில் பேன் சிறியது, கழற்றுவது பெரிய வேலை இல்லை. வாங்குவதற்கு முன் விற்பவர் சம்மதத்தோடு அதைக் கழற்றி வலையைப் பார்த்துவிடுங்கள். சீலன்ட் துணுக்கு இருந்தால் எடுத்துவிடலாம். பளபளக்கும் உலோகத் தூள் இருந்தால் அந்தக் காடி வேண்டாம்.

பார்க்க வரும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், வேறொரு நாள் வாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் மேலிருந்து சில்வண்டு மாதிரி ஒரு கிறீச் வரும், அது உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப், இந்த மாடலின் இயல்பு. அடியிலிருந்து வரும் 'டொக் டொக்' வேறு விஷயம். ரேவ் ஏற ஏற அது வேகமானால் ராடு பேரிங். அங்கேயே நிறுத்திவிடலாம். கிளட்சை மிதித்தால் நின்று, விட்டால் திரும்ப வரும் சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்கம். மிதிக்கும்போது வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால் கிளட்ச் தட்டையும் சேர்த்து மாற்றும் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

ஓட்டும்போது: குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் முதல் சில நிமிடம் முரண்டு பிடிக்கும், பரவாயில்லை. சூடேறிய பிறகும் 'கர்ர்' என்றால் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) தேய்ந்திருக்கிறது. நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்-இலிருந்து முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஊசி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. 3,500-இலிருந்து 4,500 வரை ஒரு தொய்வு இருக்கும், அது எல்லா 86-லும் உண்டு, கெட்டுப்போனது இல்லை.

கொஞ்சம் பணம் சேர்ந்தால் 2016-க்குப் பிந்திய ஃபேஸ்லிஃப்ட் பாருங்கள். மானுவலில் 207 பிஎஸ், ஃபைனல் கியர் 4.1-க்குப் பதில் 4.3, மலை ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும்.

கிரான்_பார்த்து_வாங்கு

மேலே சொன்னது என்ஜின் பக்கம், சரி. என் கருத்து, என்ஜினைவிட உடலும் பேப்பரும் முக்கியம். என்ஜின் போனால் இன்னொன்று மாற்றி ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிந்துகொள்ளலாம். சேஸிஸ் கோணலானால், அல்லது அந்த எண்ணே திருட்டு எண்ணானால், உங்கள் பணம் போனதுதான்.

வரிசையாகச் செய்யுங்கள். கிரானில் (காடியின் உரிமைப் பத்திரம்) உள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் காடியில் அடித்திருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள். எழுத்துகளின் ஆழம், இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். சுற்றிலும் வெல்டிங் தடம், புதுப் பெயின்ட் இருந்தால் விலகுங்கள். என்ஜின் மாற்றியிருந்தால் புது எண் கிரானில் ஏறியிருக்க வேண்டும், "பிறகு செய்து தருகிறேன்" என்ற பேச்சு வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு புஸ்பகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் பி5 பரிசோதனையும், லோன் என்றால் பி7-உம் தேவை. ஒன்றை மறக்காதீர்கள்: புஸ்பகோம் பாஸ் என்றால் எண் பொருந்துகிறது, பிரேக், விளக்கு, புகை சரி என்று பொருள். ராடு பேரிங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ரீகோன் காடி (ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியானது) என்றால் ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். விற்பவர் காட்டும் பிரதியை நம்பாமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நீங்களே வெளியில் சரிபாருங்கள். 86 என்றால் இசட்என்6, அதன் இரட்டைப் பிறவி சுபாரு பிஆர்இசட் என்றால் இசட்சி6 என்று எண் தொடங்கும். கிரேடு 4, 4.5 நல்லது. 'ஆர்', 'ஆர்ஏ' என்றால் அடிபட்டுப் பழுது பார்த்தது. தாளில் உள்ள காடிப் படத்தில் 'டபிள்யூ' என்ற குறி பழுதுபார்த்த தடம், 'எக்ஸ்எக்ஸ்' மாற்றிய பாகம். அதில் எழுதிய கி.மீ.-ஐ இப்போதைய மீட்டரோடு ஒப்பிட்டால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

உடலுக்கு ஒரு பெயின்ட் தடிமன் மீட்டர் போதும். கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் 90-இலிருந்து 150 மைக்ரான். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், 400, 500 என்று போனால் அடியில் புட்டி. கதவு, பக்கத் தகரம் மறுபெயின்ட் ஆகியிருந்தால் கவலை இல்லை. கூரை, தூண், பின் ஃபெண்டர் ஆகிய மூன்றில் புட்டி இருந்தால் வேண்டாம். பூட் கம்பளத்தைத் தூக்கி தரைத் தகரத்தின் ஸ்பாட் வெல்டுகள் வட்டமாக, சம இடைவெளியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு காடிகளின் பாதிகளை ஒட்டியது என்றால் கதவு வாசல் கீழேயும் தரையின் நடுவிலும் நீளமான வெல்டும் தடித்த சீலரும் இருக்கும்.

அடுத்தது வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா, 2017 நவம்பரில் பினாங்கு. இரண்டிலும் மூழ்கிய காடிகள் ஏராளம். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், கடைசி அரை மீட்டரில் சேற்றுக்கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், வயர் கனெக்டரில் பச்சை பூத்த துரு, ஃபியூஸ் பெட்டி மூடிக்குள் மண். ஏர்பேக் விளக்கு சாவி திருப்பியதும் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

லோன் விஷயம்: பேங்க் பார்ப்பது தன் மதிப்பீட்டை, விற்பவர் கேட்கும் விலையை இல்லை. முன்பணம் 10 சதவீதம் என்பதும் அந்த மதிப்பீட்டின் மேல்தான். காடியின் வயது கூடக் கூடத் தவணைக் காலமும் சுருங்கும். டெபாசிட் கொடுக்கும் ரசீதில் "பேங்க் மறுத்தாலோ பி5 தோற்றாலோ முழுப்பணமும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

பட்டர்வொர்த்_ரோட்ஸ்டர்

எல்லாரும் 86-க்குத் தாவுகிறீர்கள். உலு யாம் வளைவுகளுக்கு எம்எக்ஸ்-5 என்சி-தான் பொருத்தம்! 1,999 சிசி, ரோடு டேக்ஸ் ஏறக்குறைய அதே 379.50 வெள்ளி. எடை குறைவு, டைமிங் செயின், என்ஜின் நேராக நிற்பதால் பிளக் மாற்றுவது சுலபம்.

ஆனால் உங்கள் பார்க்கிங் திறந்தவெளி என்றதால் ஒன்றைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கூரையில் விழும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டு வடிகால் வழியாகக் கீழே போகும். இலையும் தூசும் அடைத்தால் தண்ணீர் தரைக் கம்பளத்துக்கும் பக்கச் சட்டத்துக்குள்ளும் இறங்கும், அங்கிருந்து துரு. ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், இரண்டு பக்கமும் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒழுகி வர வேண்டும். அடைத்திருந்தால் புல்வெட்டும் மெஷினின் நைலான் கயிற்றால் மெல்லக் குத்துங்கள், காற்றழுத்தம் கொடுத்தால் குழாய் கழன்றுவிடும். அதன்பின் சீட்டுக்குப் பின் கம்பளத்தைக் கையால் அமுக்கிப் பாருங்கள்.

கூரை 12 விநாடியில் மடிய வேண்டும். மூன்று முறை தொடர்ந்து திறந்து மூடச் சொல்லுங்கள், மூன்றாவது முறைதான் தயங்கும் மோட்டாரைக் காட்டிக்கொடுக்கும். என்ஜினில் ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். முந்திய உரிமையாளர் ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டிய என்சி-க்குத்தான் பேரிங் பிரச்சினை வருகிறது. கூலன்ட் தொட்டி நம் வெயிலில் மஞ்சளாகி, ஒட்டு விளிம்பில் வெடிக்கும். மஞ்சளாக இருந்தால் வாங்கிய வாரமே மாற்றுங்கள்.

செகாம்புட்_சரவணன்

அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. இரண்டு கதவுதான் என்றாலும் பின்னால் பை வைக்க இடம் வேண்டும், அதனால் 86 பக்கமே சாய்கிறேன். ஒன்று கிடைத்திருக்கிறது: 2013, ரீகோன், மானுவல், 78,000 கி.மீ. கேட்பது 92,000. பேங்க் மதிப்பீடு 80,000 என்கிறார்கள். முன்பு டர்போ கிட் இருந்ததாம், கழற்றி ஸ்டாக் (கம்பெனி நிலை) ஆக்கிவிட்டார்களாம். எடுக்கலாமா?

கெப்போங்_ஸ்பேனர்

கணக்கை முதலில் பாருங்கள். 80,000-இல் 90 சதவீதம் 72,000. விற்பவருக்கு நீங்கள் கையிலிருந்து கொடுப்பது 20,000. அதோடு உங்கள் ரொக்கம் முடிந்தது. இன்ஷூரன்ஸ், ரோடு டேக்ஸ், பெயர் மாற்றம், முதல் சர்வீஸ் எதற்கும் பணம் இல்லை. இந்த விலையில் இது உங்கள் காடி இல்லை.

டர்போ விஷயம் அதைவிடப் பெரிது. 12.5:1 கம்ப்ரஷனில் காற்றை அமுக்கி ஓட்டிய என்ஜின் இது. எஃப்ஏ20-இன் கனெக்டிங் ராடுகள் பூஸ்டுக்காக வடிவமைத்தவை இல்லை. லேசாக வளைந்த ராடோடும் என்ஜின் சாதாரணமாக ஓடும், கம்ப்ரஷன் மட்டும் அந்த ஒரு சிலிண்டரில் குறையும். அதனால் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் டெஸ்ட், கூடவே லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது). பாக்ஸரில் பிளக் எட்டுவது கஷ்டம், பட்டறையில் அரை நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். நான்குக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடுங்கள். முன் பம்பரைக் கழற்றி இன்டர்கூலருக்காக உள்சட்டத்தை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டியிருந்தால் மோதலில் அது தாங்காது. ஈசியு-வில் (என்ஜினை இயக்கும் கணினி) ஸ்டாக் ஃபைல் திரும்ப ஏற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். டர்போவுக்கான டியூன் அப்படியே கிடந்தால் பெட்ரோல் கலவை தப்பாக ஓடும்.

டெஸ்டுக்கு விற்பவர் மறுத்தால் பேச்சு முடிந்தது. சம்மதித்து, எல்லாம் சரியாக வந்தாலும் 82,000-க்கு மேல் போக வேண்டாம். அப்போது கையிலிருந்து 10,000 போகும், மீதி 10,000-இல் இன்ஷூரன்ஸ் கட்டி, முதல் சர்வீஸையும் முடிக்கலாம்: 0டபிள்யூ-20 ஆயில் சுமார் 5.4 லிட்டர், ஃபில்டர் (என்ஜின் மேலேயே இருக்கும்), கியர்பாக்ஸ் ஆயில் 2.2 லிட்டர், பின் டிஃபரன்ஷியல் ஆயில் 1.15 லிட்டர், பிரேக் ஆயில், நான்கு பிளக். டயர் 215/45 ஆர்17. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டை நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு ஈரமான உலு யாம் ரோட்டில் இறங்காதீர்கள்.

கிரான்_பார்த்து_வாங்கு

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இரண்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்: வெள்ளத்துக்கான 'பென்சானா காஸ்', முன் கண்ணாடி. கண்ணாடிக்கு வழக்கமாக அதன் மதிப்பில் 15 சதவீதம், அதாவது 2,000 வெள்ளி கண்ணாடிக்கு 300. சில கம்பெனிகள் 10 வருடம் தாண்டிய காடிக்கு லோடிங் (கூடுதல் கட்டணம்) போடும், சில முழுப் பாதுகாப்பே தராது. ஆகவே டெபாசிட் கொடுக்கும் முன்பே பதிவு எண்ணைக் கொடுத்து மூன்று இடத்தில் விலை கேட்டு வையுங்கள். 'ஒப்புக்கொண்ட மதிப்பு' (இழப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே முடிவு செய்வது) என்ற வகையில் தருவார்களா என்றும் கேளுங்கள்.