வீட்டில் அப்பத்தா மட்டும்தான்: பிள்ளை படிப்புக்கு எப்படித் துணை நிற்க வைப்பது?

கேட்டவர்: குழுத்தலைவி

வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பது பிள்ளைகளுக்குள்தான். நிறைய வீட்டில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். அம்மா ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விடுகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்ப்பது அப்பத்தாவோ ஐயாவோதான். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கூட்டம் போட்டால் வருகிறார்கள், கையெழுத்தோ கைரேகையோ வைக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை எப்படிப் படிக்கிறது என்ற பேச்சே எழுவதில்லை. மூன்றாம் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். "டியூசனுக்கு அனுப்பிட்டா சரியாப் போகும்" என்கிறார்கள் வீட்டில். டீச்சர்கள் உழைக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. வீட்டில் இருப்பவர்களிடம் எந்த வேலையைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: தேவகோட்டை ஓய்வு வாத்தியார்

அம்மா, வீட்டில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அது பள்ளியின் வேலை. வீட்டுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைத் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பது. அதற்கு அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விளக்கு வைத்ததும், டிவி தொடர் ஆரம்பிக்கும் முன்னால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அன்று வகுப்பில் வாசித்த அதே பக்கம், ஐந்தாறு வரி போதும். புதுப் பக்கம் வேண்டவே வேண்டாம். பிள்ளை சொல்லுக்குக் கீழே விரல் வைத்து நகர்த்த வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக்கொண்டு போனால் 'ப‑ட‑ம்' என்று உடைந்துதான் வரும். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அப்பத்தா மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை சும்மா இருக்க வேண்டும். அதற்கும் வராவிட்டால் அந்தச் சொல்லுக்குக் கீழே பிள்ளையே பென்சிலில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தாண்டட்டும். அதே பக்கத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லுங்கள். கடைசியில் "என்னய்யா படிச்ச, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் முடிந்தது.

இதில் உயிர்நாடி அந்தப் பென்சில் கோடுதான். மறுநாள் காலை ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஓரத்தில் ஒரு டிக் போட வேண்டும். நாலு பிள்ளைகளின் புத்தகத்தில் 'கொடி', 'தோடு', 'மௌனம்' மாதிரிச் சொற்களிலேயே கோடு விழுந்திருந்தால், ஒகர, ஓகார, ஔகார வரிசை அந்த வகுப்பில் பதியவில்லை என்று புரிந்துவிடும். குறி எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பதால் பிள்ளை 'கொ' என்பதைக் 'கெ', அப்புறம் ஒரு கால் என்று பிரித்துப் படிக்கும். ஔகாரத்தின் கடைசிக் குறி 'ள' போலவே இருப்பதால் அங்கே இன்னும் தடுமாறும். உகர வரிசையும் அப்படித்தான்: கு, சு, து என்று குறியின் வடிவம் மாறிக்கொண்டே வரும். மூன்றே நாள் ஆசிரியர் அந்தக் கோட்டைப் பார்க்காமல் விட்டாலும் வீட்டில் கேட்பது நின்றுவிடும். அதனால் முதலில் டீச்சரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, அப்புறம் வீட்டுக்குச் சொல்லுங்கள்.

தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. சில பிள்ளைகள் பக்கத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும், எழுத்தைப் பார்க்காது. காதிலேயே கண்டுபிடிக்கலாம். ஒப்பிக்கும்போது ஒரே ராகமாக ஓடும். வாசிக்கும்போது தெரிந்த சொல்லில் வேகமும் தெரியாத சொல்லில் தயக்கமும் வரும். சந்தேகம் வந்தால் கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கச் சொல்லுங்கள்.

படித்த ஐயாக்களுக்கும் ஒரு சொல். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் பள்ளியில் படித்தவர்கள் ணா, றா, னா, ணை, லை, ளை, னை இவற்றைப் பழைய வடிவில் எழுதுவார்கள். துதிக்கை போட்ட 'லை' பிள்ளையின் புத்தகத்தில் கிடையாது. வாசிப்பைக் கேட்கட்டும், நோட்டில் எழுதிக் காட்ட வேண்டாம்.

---

பதில்: வட்டார வள மையம் (ஆசிரியர் பயிற்றுநர்)

வாத்தியார் ஐயா சொன்னதோடு கூட்டத்தைப் பற்றியும் சேர்க்கிறேன்.

மேலாண்மைக் குழுக் கூட்டம் வேறு, பெற்றோர் ஆசிரியரைப் பார்க்கும் கூட்டம் வேறு. இரண்டையும் ஒரே பிற்பகலில் நடத்தினால் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி என்று பேசியே நேரம் போய்விடும். அவையும் தேவைதான், ஆனால் பிள்ளையின் வாசிப்புக்கு இடமே இருக்காது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரையும் பாதுகாவலரையும் தவறாமல் சந்தித்து வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாதுகாவலர் என்ற சொல்லைக் கவனியுங்கள். 21ஆம் பிரிவும் குழு உறுப்பினர்களைப் பற்றிச் சொல்லும்போது 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்றுதான் குறிப்பிடுகிறது. நாலில் மூன்று பங்கு அவர்களாக இருக்க வேண்டும். ஆக, பிள்ளையை வைத்திருக்கும் அப்பத்தா கூட்டத்துக்கு வருவது அம்மாவுக்குப் பதிலாகத் தலைகாட்டுவது ஆகாது. அவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆசிரியர், பிள்ளை, வீட்டுக்காரர் மூவர் மட்டும். பிள்ளை நாலு வரி வாசிக்கட்டும். ஆசிரியர் பயிற்சி நூலைத் திறந்து வைத்து மூன்றே விஷயம் சொல்ல வேண்டும்: இப்போது எது வருகிறது, அடுத்து எது வர வேண்டும், இந்த வாரம் வீட்டில் எது செய்ய வேண்டும். மூன்றாவதை அப்பத்தா தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் போகட்டும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அது பைக்குள்ளேயே கிடக்கும்.

தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் பழக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கும் தொடங்கியது, பிறகு 4, 5ஆம் வகுப்புக்கும் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதைப் பல வீடுகளில் ரேங்க் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். "எம்பிள்ளை இன்னும் அரும்புலயே கெடக்குதே" என்று அடி விழுகிறது. அரும்பு என்பது பிள்ளைக்கு எந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லும் குறி மட்டுமே. ஒரே வகுப்பில் மூன்று நிலையும் இருக்கும், ஆண்டுக்குள் மாறும். இதை முதல் கூட்டத்திலேயே விளக்கிவிடுங்கள். யார் எந்த நிலை என்று எல்லார் முன்னாலும் வாசிக்கவே கூடாது; ஒருமுறை வாசித்தால் அந்த வீட்டுக்காரர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

---

பதில்: பள்ளத்தூர் அம்மா

அக்கா, கூட்டத்துக்கு வந்ததும் கிளம்பிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்கு இரண்டு வேளை போட்டோ எடுக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் இரண்டாவது போட்டோவில் ஆள் இருக்காது, கூலி போய்விடும். பட்டறையிலும் அரைநாள் கூலி பிடிப்பார்கள்.

காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ஒரு நல்ல நேரம் கிடைத்திருக்கிறது. எட்டு எட்டரைக்குப் பிள்ளையை யாராவது ஒருவர் கொண்டுவந்து விடுகிறார் இல்லையா, அவரை அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். திங்கள் ஒன்றாம் வகுப்பு, செவ்வாய் இரண்டாம் வகுப்பு என்று வெள்ளி வரைக்கும் முறை வையுங்கள். உங்கள் பள்ளிக்கு ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். ஒரு காலைக்கு நாலு பேர் என்றால் இரண்டு வாரத்தில் பள்ளி முழுவதும் முடிந்துவிடும். இரண்டு டீச்சரும் பிரித்துக்கொண்டால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வாட்ஸ்அப் குழு இருந்தால் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்குள் டீச்சர் சொன்னது புதைந்துபோகும். எழுத்தாக அனுப்பாமல் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள்: அரை நிமிடம், ஒரே வேலை. எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் பிழையும் அதில் வரக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி, துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தி. நேரில் பேச நேரம் தோதுப்படாவிட்டால், பிள்ளை வாசிப்பதை ஒரு நிமிடம் குரல் பதிவாக அனுப்பட்டும். அப்பா வேலை முடிந்து கேட்டுவிட்டு ஒரு கேள்வியாவது கேட்டுப் பதில் பதிவு போட வேண்டும், "அந்த முயல் அப்புறம் எங்க போச்சு?" என்கிற மாதிரி. "நல்லாப் படி" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு அப்பா கேட்டாரா இல்லையா என்றே தெரியாது.

சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட, உறவு வீட்டு விசேஷத்துக்கு என்று நாலு நாள் போனால் அந்த வாரத்துப் பயிற்சி நூலையும் பையில் வைத்து அனுப்புங்கள்.

---

பதில்: புதுவயல் மளிகை

எல்லாம் சரி. ஆனா வீட்டுல யாருக்கும் படிப்பு இல்லாதப்ப டியூசன் போறதுல என்ன தப்பு? ரெண்டு மணி நேரமாவது புத்தகத்தோட உக்காரும்ல?

---

பதில்: தேவகோட்டை ஓய்வு வாத்தியார்

தப்பில்லை தம்பி, அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து அனுப்புங்கள். பல இடத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரே பாயில் இருபது பிள்ளைகள். வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுத வைத்து அனுப்பிவிடுவார்கள். நோட்டு நிறைந்திருக்கும், வாசிப்பு வராது. அல்லது 247 எழுத்தையும் பத்துத் தடவை எழுது என்பார்கள். அதில் கைதான் பழகும். 'கூ' எழுதத் தெரிந்த பிள்ளை 'கூடை' என்று வாசிக்குமா என்பது வேறு கேள்வி. டியூசன் ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: என் பிள்ளை உங்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை வரி வாய்விட்டு வாசிக்கிறது? பத்து வரி தேறினால் அனுப்புங்கள்.

---

பதில்: சிறப்பாசிரியர் (உள்ளடக்கிய கல்வி)

அந்த நாலைந்து பிள்ளைகளைப் பற்றி. முறை மாற்றும் முன்னால் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா, புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைக்கிறதா, காதில் சீழ் வடிகிறதா, முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று கவனியுங்கள். டிவி சத்தத்தைக் கூட்டுகிறதா என்பது அப்பத்தாவுக்குத்தான் தெரியும், அவரிடம் கேளுங்கள். பள்ளிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் இந்தப் பெயர்களைத் தனியாகச் சொல்லுங்கள். கண்ணாடி கொடுத்தும் போடாத பிள்ளைகள் உண்டு. கேலிக்குப் பயந்து கழற்றிப் பையில் வைத்துவிடும். அதையும் வீட்டில் பார்க்க வேண்டும்.

கண்ணும் காதும் சரியாக இருந்து, இரண்டு மூன்று மாதம் தினமும் வாசிக்கக் கேட்டும் அசைவில்லை என்றால் வட்டார வள மையத்துக்குத் தலைமையாசிரியர் வழியாக எழுதுங்கள். எங்களில் ஒருவர் வந்து பார்ப்போம். "சோம்பேறி" என்ற சொல் அதுவரைக்கும் வீட்டிலும் வேண்டாம், வகுப்பிலும் வேண்டாம்.

---

கேட்டவர்: குழுத்தலைவி

எல்லாருக்கும் நன்றி. காலை நேர யோசனையை டீச்சர்களிடம் பேசிவிட்டேன், இருவரும் சம்மதம். கணக்குக்கும் ஒன்று சொல்லுங்கள் ஐயா. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை அப்பத்தா வாய்க்கணக்கிலேயே முடித்துவிடுகிறார். பிள்ளை, டீச்சர் சொன்னது சரியா அப்பத்தா சொன்னது சரியா என்று குழம்புகிறது.

---

பதில்: தேவகோட்டை ஓய்வு வாத்தியார்

இரண்டும் சரி என்று பிள்ளைக்குக் காட்டிவிட்டால் போதும். 52லிருந்து 27 போக வேண்டும். ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, தனியாக இரண்டு குச்சி வையுங்கள். ஏழு எடுக்க இரண்டு போதாது, ஒரு கட்டைப் பிரித்தால் பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. மிச்சம் நாலு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை 25. கடன் வாங்குவது என்றால் கட்டைப் பிரிப்பது என்று கை உணர்ந்த பிறகுதான் நோட்டில் போட வேண்டும். குச்சியைத் தொடாமலே நோட்டுக்குப் போன பிள்ளைதான் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று எழுதும்.

அப்பத்தாவோ சந்தையில் மீதிச் சில்லறை கொடுப்பது போல மேலே ஏறுவார்: 27லிருந்து 30க்கு 3, அங்கிருந்து 50க்கு 20, இன்னும் 2, ஆக 25. நோட்டில் போட்டதைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. நோட்டில் டீச்சர் முறை, வாயில் அப்பத்தா முறை, விடை ஒன்றா என்று பார்ப்பது பிள்ளையின் வேலை.

எண் எழுதும்போது முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதினால் திட்ட வேண்டாம். காதில் விழுந்தபடி 300 எழுதிப் பக்கத்தில் 5 எழுதியிருக்கிறது. 300 என்று ஒரு அட்டை, 5 என்று ஒரு சின்ன அட்டை வெட்டி, கடைசிச் சுழியத்தின் மேல் ஐந்தை வைத்துக் காட்டுங்கள். தொண்ணூறும் தொள்ளாயிரமும் மாறுவதற்கும் இதே அட்டைதான் மருந்து.

பெருக்கலுக்கு வீட்டுத் தரையே இருக்கிறது: நீளவாட்டில் எத்தனை டைல்ஸ், அகலவாட்டில் எத்தனை, மொத்தம் எத்தனை என்று கேட்டுவிட்டு எண்ணிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாசல் கோலத்தில் 7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி என்றால் வைக்கும் முன்னாலேயே மொத்தம் எத்தனை என்று அப்பத்தா கேட்கட்டும். நடுவில் ஒரு 7, இரு பக்கமும் 6, 5, 4, ஆக 37. பிள்ளை 44 என்று சொன்னால் நடு வரிசையை இரண்டு தடவை எண்ணியிருக்கிறது. புள்ளியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவே கண்டுபிடித்துவிடும்.