49-0 பெருசா, 25 தடவை டைட்டிலைக் காப்பாத்தினது பெருசா? (37 வயசுக்காரரை அடிச்சத வீரம்னு சொல்றவங்களுக்கு)

அகழித்தண்ணி – இரவு 9:12
நேத்து இந்த குரூப்ல ‘லாஸ்டிங் லைன் ஆம்பூர்’ குத்துச்சண்டை பத்தி போட்டத படிச்சதுல இருந்து சோறு இறங்கல. “ராக்கி மார்சியானோ 49 சண்டை, 49 ஜெயிப்பு, தோல்வி பூஜ்யம். ஜோ லூயிஸையே கயித்துக்கு வெளிய தள்ளினவன். யாரு பெரியவன்னு இனிமே பேச்சே கிடையாது”ன்னு எழுதிக்கீறாரு. இன்னா தைரியம்!

ஜோ லூயிஸ் 1937 ஜூன் 22ல சிகாகோல அப்ப சாம்பியனா இருந்த பிராடாக்கை எட்டாவது ரவுண்டுல படுக்க வெச்சு உலக ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கினாரு. 1949 மார்ச்ல தானா இறக்கி வைக்கிற வரைக்கும் எவனும் கிட்ட நெருங்கல. 11 வருஷம் 8 மாசம். 25 தடவை காப்பாத்தினாரு. உங்க ராக்கி எத்தினி தடவை? 6. நல்லா எண்ணிப் பாருங்க, ஒரு கைக்கு மேல ஒரு வெரல்.

ராக்கி லூயிஸை ஜெயிச்ச அந்த 1951 அக்டோபர் 26 சண்டையத் தூக்கினு வராதீங்க. அன்னிக்கு லூயிஸுக்கு 37 வயசு. ராக்கிக்கு 28. ரிடையர் ஆன மனுசனை வரி பாக்கி பழையபடி ரிங்குக்கு இழுத்துனு வந்துச்சு. பென்ஷன் வாங்க கியூல நிக்கிற பெரியவரைத் தள்ளிவிட்டுட்டு, நான் பயில்வான்னு மீசை முறுக்குறதா?

லாஸ்டிங் லைன் ஆம்பூர் – 9:31
வந்துட்டாரு வேலூர் கோட்டைய கட்டினவரு.

ராக்கி ஊரு பிராக்டன். அமெரிக்காவுல ஷூவுக்குன்னே பேர் போன ஊரு. அவங்க அப்பா ஷூ ஃபேக்டரி தொழிலாளி. தோல் வாசனையில வளர்ந்தவனோட கை எப்படி இருக்கும்னு ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரனுக்கு தெரியும். அகழி ஓரம் உக்காந்து வேர்க்கடலை உரிக்கிறவங்களுக்கு தெரியாது. 49ல 43 நாக்-அவுட். 6 பேருதான் கடைசி மணி வரைக்கும் நின்னது. பூஜ்யம்னா பூஜ்யம்தான்.

அகழித்தண்ணி – 9:38
37 வயசு. அதுக்கு பதில் வரல.

காட்பாடி மூணாவது பிளாட்பாரம் – 9:44
அண்ணனுங்களா, தோல்வியே இல்லாததுதான் கணக்குன்னா நம்ம காலத்து குத்துச்சண்டைக்காரர் மேவெதர் 50-0. ரெண்டு பேரும் கடையை மூடிட்டு வீட்டுக்குப் போங்க 😄

அகழித்தண்ணி – 9:46
தம்பி, அந்த அம்பதாவது ஆளு மெக்ரெகர், 2017ல. அதுக்கு முன்னாடி அவரு தொழில்முறை குத்துச்சண்டை ஒண்ணு கூட ஆடுனதில்ல. பெரியவங்க பேசும்போது நடுவுல வராத.

லாஸ்டிங் லைன் ஆம்பூர் – 9:47
இந்த ஒண்ணுல மட்டும் அகழி சொல்றது சரி. காட்பாடி, நீ டிரெயினைப் பாரு.

குடியாத்தம் கைலி – 9:58
நான் ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. மாசத்துக்கு ஒருத்தனைப் புடிச்சு அடிச்சாரே லூயிஸ், 1940 டிசம்பர்ல இருந்து 1941 ஜூன் வரைக்கும் 7 பேரு, அதையும் சேத்துதானே 25? அந்த ஊரு பேப்பர்காரங்களே ‘மாசம் ஒரு சோப்ளாங்கி’ன்னு கிண்டல் பண்ணாங்களாமே.

அகழித்தண்ணி – 10:07
கைலி, ஏழாவது ஆளு பில்லி கான். 12 ரவுண்டு முடிஞ்சப்ப பாயிண்ட்ல கான்தான் மேல. பதிமூணாவதுல லூயிஸ் முடிச்சாரு. சோப்ளாங்கியா அவன்? ஷ்மெலிங் சோப்ளாங்கியா? 1936ல லூயிஸை பன்னெண்டாவது ரவுண்டுல சாய்ச்ச ஜெர்மன்காரன். 1938ல திரும்ப வந்தான், 124 செகண்டுல முடிஞ்சது. நம்ம பழைய பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்தி கைல கொடுக்கவே அதைவிட நேரம் ஆகும். அப்பால ராணுவத்துல சேர்ந்து நாலு வருஷம் போச்சு. அதெல்லாம் இல்லன்னா 25 எங்க போய் நிக்கும்னு நீயே போட்டுக்கோ.

இன்னொண்ணு. லூயிஸோட தோல்வி மொத்தம் 3. அதுல 2, ரிடையர் ஆகி திரும்பி வந்தப்பறம். ராக்கி 32 வயசுல கையுறையைக் கழட்டிட்டாரு. 32 வயசுல லூயிஸும் நிறுத்தியிருந்தா ஷ்மெலிங் கிட்ட வாங்கின ஒண்ணுதான் கணக்குல இருந்திருக்கும். சீக்கிரம் வீட்டுக்குப் போனவனுக்கு சட்டை கசங்காதுதான். 37 வயசு வரைக்கும் ஆடிப் பாக்கச் சொல்லுங்க.

லாஸ்டிங் லைன் ஆம்பூர் – 10:21
37, 37, 37. கிளி ஜோசியக்காரரா நீங்க?

சரி, 37ஐயே பேசுவோம். ஜெர்சி ஜோ வால்காட் பொறந்தது 1914. லூயிஸ் பொறந்ததும் 1914. அதே 1951 ஜூலைல எசார்ட் சார்ல்ஸை ஏழாவது ரவுண்டுல கவுத்து உலக சாம்பியன் ஆனவரு வால்காட். அன்னிக்கு அவருக்கு எத்தினி வயசு? 37. அதே வருஷம், அதே 37. ஒருத்தருக்கு 37ல பட்டம் கெடைக்குது, இன்னொருத்தருக்கு 37ன்னா கிழவரா? அது மட்டுமில்ல, ராக்கி கிட்ட வர்றதுக்கு முன்னாடி லூயிஸ் தொடர்ச்சியா 8 சண்டை ஜெயிச்சிருந்தாரு. எடையும் ராக்கிய விட 20 பவுண்டுக்கு மேல கூட. அந்த எட்டு பேரை அடிச்சப்ப வராத வயசு ராக்கிய பாத்ததும் வந்துடுச்சா?

பதில் சொல்லுங்க பெரியவரே.

காட்பாடி மூணாவது பிளாட்பாரம் – 10:24
ஐயோ. இது அடி.

அகழித்தண்ணி – 10:40
வால்காட்டை யாரு கேட்டா? பேச்சு லூயிஸ் பத்தி. அதே வால்காட்டை லூயிஸ் ரெண்டு தடவை அடிச்சவரு, 1947லயும் 1948லயும். உங்க ராக்கி வால்காட்டை அடிச்சப்ப அவருக்கு 38. எப்பப் பாரு வயசானவங்களா தேடிப் புடிச்சு அடிக்கிறதே வேலை.

லாஸ்டிங் லைன் ஆம்பூர் – 10:43
1947ஆ? நீங்களே எடுத்துக் கொடுக்குறீங்க. அன்னிக்கு லூயிஸ் ரெண்டு தடவை கீழ விழுந்தாரு. ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டீன் வால்காட்டுக்குதான் பாயிண்ட் போட்டாரு. ரெண்டு நடுவர் காப்பாத்தினாங்க. ஜனம் ஊளையிட்டுச்சு. 1951ல ராக்கி லூயிஸை எட்டாவது ரவுண்டுல கயித்துக்கு வெளிய தள்ளினப்ப சண்டைய நிறுத்தினதும் அதே கோல்ட்ஸ்டீன்தான். இந்த தடவ எந்த நடுவரையும் கேக்க வேண்டியிருக்கல.

அகழித்தண்ணி – 10:52
நடுவர் கதையா? 1950 மார்ச்ல உங்க ராக்கி, லஸ்டார்ஸா கூட ஆடினதை சொல்லட்டுமா? 3 பேர்ல ஒருத்தர் லஸ்டார்ஸாவுக்கு போட்டாரு. அந்தப் பூஜ்யம் நூல்ல தொங்கினு இருந்துச்சு. அதை மட்டும் மறைச்சிட்டு போஸ்டர் ஒட்டுறீங்க.

குடியாத்தம் கைலி – 10:55
நடுவர் பேச்சு வந்ததால கேக்குறேன். ரெண்டு வருஷம் முன்னாடி கேரம் ஃபைனல்ல ரெட்டு எடுத்துட்டு கவர் போடாமயே பாயிண்டு வாங்கினவர் இந்தத் திரியில இருக்காரு. பேரு சொல்லல. தண்ணியில முடியும்.

அகழித்தண்ணி – 10:56
கவர் போட்டேன். பத்து பேரு பாத்தாங்க. போன வருஷமே பேசி முடிச்சது அது.

குடியாத்தம் கைலி – 10:57
பாத்த பத்து பேரும் உங்க தெருக்காரங்க.

வாலாஜா ரோடு – 11:03
குத்துச்சண்டையே வேஸ்டு. நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 ரெண்டு காமன்வெல்த்லயும் 77 கிலோ பளுதூக்கறதுல தங்கம். அதைப் பேச ஒரு ஆள் இல்ல. அமெரிக்காக்காரனுக்காக அடிச்சிக்கிறீங்க.

அகழித்தண்ணி – 11:06
சதீஷ் நம்ம பெருமை, யாரு இல்லன்னா? தனித் திரி போடு, மொத லைக்கு என்னுது. இங்க வேணாம். அதுவும் ஆம்பூர்க்காரரு நடுவுல. அவங்கதான் 2019லயே திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிட்டாங்களே. வேலூர் விஷயத்துல அவங்களுக்கு இன்னா வேலை?

லாஸ்டிங் லைன் ஆம்பூர் – 11:09
குரூப் பேரு ‘வட ஆற்காடு நண்பர்கள்’. வேலூர்னு எங்கயும் எழுதல. 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் அதே ஜில்லாதான், அவங்களும் வந்து பேசலாம். பிரியாணி திங்க மட்டும் ஞாயித்துக்கிழமை ஆம்பூருக்கு வண்டி கட்டினு வர்றீங்க, அப்ப ஜில்லா ஞாபகம் வரலையா?

அகழித்தண்ணி – 11:11
நான் ஆம்பூர் பிரியாணி சாப்ட்டு மூணு வருஷம் ஆச்சு. வாணியம்பாடிதான்.

லாஸ்டிங் லைன் ஆம்பூர் – 11:12
வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம்தான் சாமி 😂

காட்பாடி மூணாவது பிளாட்பாரம் – 11:13
நாக்-அவுட்.

அகழித்தண்ணி – 11:29
சிரிங்க. நான் விஷயத்துக்கு வர்றேன். அன்னிக்கு சண்டை முடிஞ்சதும் ராக்கியே லூயிஸ் ரூமுக்குப் போய் அழுதாருன்னு சொல்வாங்க. சின்ன வயசுல இருந்து அவரு கும்பிட்ட ஆளு. ஜெயிச்சவனே கண்ணு கலங்கின சண்டைய நீங்க கொண்டாடுறீங்க. அவருக்கு தெரிஞ்சது உங்களுக்கு தெரியல. 37 வயசு, தலைமுடி கொட்டிப்போச்சு, வரி பாக்கி தலைமேல. இதையெல்லாம் கணக்குல சேக்காதவங்களோட எனக்கு பேச்சு இல்ல. கடைசியா சொல்றேன்: 25.

லாஸ்டிங் லைன் ஆம்பூர் – 11:31
கடைசியா நானும் சொல்றேன்: 0. அப்புறம் வால்காட் வயசுக்கு இன்னும் பதில் வரல.

அகழித்தண்ணி – 11:33
அதுக்கு நாளைக்கு காலைல விலாவாரியா எழுதறேன். இப்ப கொசு.

லாஸ்டிங் லைன் ஆம்பூர் – 11:33
37.

அகழித்தண்ணி – 11:34
அந்த நம்பரை நீ சொல்லாத. அது என்னோட பாயிண்டு.

குடியாத்தம் கைலி – 11:36
கவர் போடல.