34 பேர கண்டுபிடிச்சதுக்கா இவ்ளோ கொண்டாட்டம்?

பாண்டி_மதுரை: எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஆராய்ச்சியில சைனாக்காரன் எங்கயோ போயிட்டான், அந்த வைரஸால வர்ற மூக்குத்தொண்டை கேன்சர் இனிமே பயமில்லன்னு ஒரு அறிவாளி எழுதிருக்காரு. 2017ல வந்த ஹாங்காங் ஆய்வுல 20,174 ஆம்பளைங்களுக்கு ரத்தம் எடுத்து அந்த வைரஸோட டிஎன்ஏ இருக்கான்னு பாத்தாங்க, கேன்சர் கெடச்சது 34 பேருக்கு. வெறும் 34!

லேப்காரன்: அந்த அறிவாளி நான்தான், பேர சொல்லியே திட்டலாம். அந்த 34ல 71% பேர் முதல் ரெண்டு ஸ்டேஜ்லயே சிக்கிட்டாங்க, ஸ்க்ரீனிங் இல்லாதப்ப அது 20% தான். மூக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சு வளர்ற கட்டி, கழுத்துல நெறி கட்டுன பிறகுதான் பாதி பேர் ஆஸ்பத்திரிக்கே வர்றாங்க, உயிர் பொழைக்கறதே சீக்கிரம் தெரிஞ்சாதான்னு இருக்கறப்ப 34 சின்ன நம்பரா?

பாண்டி_மதுரை: 20 ஆயிரத்துல 34. கணக்கு தெரியும்ல? பெரியவங்க 90% பேருக்கு மேல இந்த வைரஸ் இருக்கு, எல்லாருக்குமா கேன்சர் வருது?

லேப்காரன்: வராது. அதுக்காக 1997லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு இந்த வைரஸ, கேன்சர் வரவைக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேத்தது பொய்யாயிடுமா? டெங்கு இழையிலயும் இப்படித்தான் பப்பாளி இலைய வச்சு ரெண்டு நாள் இழுத்தீங்க.

பாண்டி_மதுரை: பப்பாளி இலைய இங்க எதுக்கு இழுக்கறீங்க? எங்க அம்மாவுக்கு பிளேட்லெட் ஏறுச்சு, அவ்ளோதான்.

தேன்மொழி: ரெண்டு பேருக்கும் ஆப்பிரிக்கா ஞாபகமே வரலியா? உகாண்டா குழந்தைங்களுக்கு வர்ற பர்கிட்ங்கற தாடைப் புற்றுநோய்க் கட்டியிலேர்ந்துதான் 1964ல லண்டன்ல எப்ஸ்டீன், அச்சோங், பார் மூணு பேரும் இந்த வைரஸயே கண்டுபிடிச்சாங்க. 2022ல அமெரிக்க ராணுவத்துல ஒரு கோடிப் பேருக்கு மேல பதிவ அலசி, இந்த வைரஸ் தொத்துனவங்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கற நரம்பு நோய் வர்ற வாய்ப்பு 32 மடங்குன்னு வந்ததும் எல்லார் கவனமும் அங்க போயிடுச்சு. அந்தக் குழந்தைங்கள யாரு பாக்கறா?

லேப்காரன்: மேடம், அது வேற டாபிக். தடுப்பூசி வந்தா அவங்களுக்கும்தான்.

தேன்மொழி: வேற டாபிக்கா? நீங்க எழுதுனா ஆராய்ச்சி, நான் கேட்டா வேற டாபிக்!

பாண்டி_மதுரை: தடுப்பூசியா? 60 வருஷமா வராதது இனிமேவா வரும்?

லேப்காரன்: சோதனை நடந்துட்டுதான் இருக்கு, தேடிப் படிங்க. மேடம், மலேரியா அதிகமா இருக்கற ஊர்லதான் பர்கிட் கட்டியும் அதிகம், அந்த வைரஸ மட்டும் பிடிச்சு தொங்கறதுல பிரயோஜனம் இல்ல, கொசுவலையப் பத்தியும் பேசணும், அதுக்கு தனி இழை போடறேன்.

தேன்மொழி: போடுங்க. அங்கயும் வருவேன்.