பெங்களூருவில் இரண்டு நாள் நடந்தே சுற்றிப் பார்க்க எந்தப் பகுதிகள் ஏற்றவை?

காவேரிப்பட்டணத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான் என்றாலும், மருத்துவமனைக்கும் கல்யாண ஜவுளிக்கும் போய்வந்ததைத் தவிர அந்த ஊரை நாங்கள் பார்த்ததாகச் சொல்ல முடியாது. வரும் சனி, ஞாயிறு இரு நாளும் நானும் மனைவியும், அறுபத்தைந்து வயதைக் கடந்த அம்மாவும், ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் அங்கே தங்கலாம் என்றிருக்கிறோம். பெரிய வணிக வளாகங்களில் எங்களுக்கு நாட்டமில்லை. பழைய தெருக்கள், கோயில்கள், கடைவீதி, நல்ல சிற்றுண்டி என்று நடந்தபடியே பார்க்கக்கூடிய பகுதிகளைச் சொல்லுங்கள். அம்மா அரை மணி நேரம் வரை தொடர்ந்து நடப்பார். அதன்பின் எங்காவது உட்கார்ந்தாக வேண்டும். சொந்தக் காரில் வருவது நல்லதா, பேருந்தா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஓசூர்வாசி எழுதியது:

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நடக்கப் போகிறவருக்கு அங்கே வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்து மக்களுக்குப் பெரிய வசதி ஏற்பட்டிருக்கிறது. அத்திப்பள்ளி, சந்தாபுரம் கடந்ததும் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறினால், கடைசி நிலையமான ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, நான்காவது நிறுத்தமான நேஷனல் காலேஜில் இறங்கலாம். பேருந்தில் ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிடும் வண்டி இடையில் நிற்காது, பிறகு சில்க் போர்டில்தான் மெட்ரோவைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

நேஷனல் காலேஜ் நிலையத்திலிருந்து பசவனகுடி தொடங்குகிறது. 1898இல் பிளேக் நோய் தாக்கியபோது, நெருக்கடியான பழைய பேட்டைகளிலிருந்து மக்களைக் குடியமர்த்துவதற்காக விரிவாக்கப்பட்ட பகுதி என்பதால், தெருக்கள் நேராகவும் அகலமாகவும், இருபுறமும் மர நிழலோடும் இருக்கின்றன. மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் காந்தி பஜார் வந்துவிடும். பூ, பழம், வெற்றிலை, பூசைப் பொருள் என்று நம் ஊர்க் கடைவீதியின் சாயல் அங்கே உண்டு. 1943 முதல் நடந்துவரும் வித்யார்த்தி பவனில் மசால் தோசை சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பரிமாறுபவர் ஒரே கையில் முழங்கைக்கு மேல் வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவதை உங்கள் மகள் வாய்பிளந்து பார்ப்பாள். தோசை வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே சற்றுத் தடிமனாகவும் இருக்கும்; சட்னியை நீர்க்க ஊற்றுவார்கள், கெட்டிச் சட்னிக்குப் பழகிய நம் நாக்குக்கு அது மட்டும் சற்று ஏமாற்றம். வார இறுதியில் காத்திருக்க நேரும் என்பதாலும், நண்பகலில் சிறிது நேரம் மூடுவார்கள் என்பதாலும் காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கிருந்து புல் டெம்பிள் சாலை வழியாக நடந்தால் பியூகிள் ராக் பூங்காவும், தொட்ட கணபதி கோயிலும், அதற்கு மேலே பெங்களூருவை நிறுவிய கெம்பே கௌடர் காலத்து நந்தி கோயிலும் அடுத்தடுத்து வரும். ஒரே கல்லில் செதுக்கிய அந்த நந்தி ஏறத்தாழ 15 அடி உயரமும் 20 அடி நீளமும் கொண்டது. சில படிகள் ஏற வேண்டும். அம்மா முதலில் பூங்காவில் இளைப்பாறிவிட்டு வரட்டும். கன்னட நாட்காட்டியின் கார்த்திக மாதக் கடைசித் திங்களன்று இங்கே கடலைக்காய்த் திருவிழா நடக்கும். அந்த நாளையொட்டிப் போவதானால் கூட்டத்தை எதிர்பார்த்தே போங்கள்.

மாலைக்கு லால்பாக். மேற்கு வாசலுக்கு ஆட்டோவில் சில நிமிடங்களே ஆகும். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம் அது. இன்றைக்கு 240 ஏக்கர். முழுவதையும் சுற்ற வேண்டியதில்லை. கண்ணாடி மாளிகையையும், கெம்பே கௌடர் கோபுரம் நிற்கும் பாறையையும் பார்த்தால் போதும். அந்தப் பாறை சுமார் 300 கோடி ஆண்டு வயதுடையது என்று மகளிடம் சொல்லுங்கள்.

பாலக்கோட்டார் எழுதியது:

தருமபுரி, பாலக்கோடு பக்கத்தினர் ரயிலிலும் போகலாம்; கிருஷ்ணகிரிக்குத்தான் இன்னும் ரயில் வரவில்லை. மேலே சொன்னவர் கே.ஆர். மார்க்கெட்டை விட்டுவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. நம் மாவட்டங்களில் பறித்த சாமந்தியும் ரோஜாவும் போய்ச் சேரும் பெரிய சந்தைகளில் ஒன்றைப் பார்க்காமல் என்ன பெங்களூரு? பொழுது விடியும் வேளையில் மேல்தளத்தில் நின்று கீழே பார்த்தால், மஞ்சளும் சிவப்புமாகக் குவியல்களுக்கு நடுவே தலைச்சுமையோடு ஆட்கள் நகர்ந்துகொண்டிருப்பார்கள்.

சந்தையிலிருந்து நடக்கும் தொலைவிலேயே பழைய பெங்களூருக் கோட்டையின் எஞ்சிய வாசலும், 1791இல் கட்டி முடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் தேக்குமர அரண்மனையும், அதையொட்டிக் கோட்டை வெங்கடரமணர் கோயிலும் உள்ளன. அரண்மனை முடிந்த மறு ஆண்டே, ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தை உள்ளடக்கிய நம் பாராமகால் முழுவதும் திப்புவின் கையைவிட்டு ஆங்கிலேயரிடம் போனது. கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மரத்தூண்களின் நடுவே நிற்பது வேறோர் அனுபவம். சிக்பேட்டை, அக்கிபேட்டை போன்ற பழைய வணிகத் தெருக்களையும் பார்க்க விரும்பினால் சனிக்கிழமையே ஏற்றது. ஞாயிறன்று மொத்த வியாபாரக் கடைகள் பலவும் அடைத்திருக்கும்.

மல்லேஸ்வரத்து மருமகள் எழுதியது:

நான் பிறந்தது பர்கூர், வாக்கப்பட்டது இங்கே. பாலக்கோட்டுச் சகோதரர் சொன்னது உங்களுக்கும் மகளுக்கும் சரி. ஆனால் அறுபத்தைந்து வயது அம்மாவை அந்த ஈரத் தரையிலும், தள்ளுவண்டிகளின் நெரிசலிலும் நடக்க வைக்காதீர்கள். மார்க்கெட்டைச் சுற்றிய நடைபாதைகள் பல இடங்களில் பெயரளவுக்குத்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு மல்லேஸ்வரமே ஏற்றது. சம்பிகே ரோடு மெட்ரோவில் இறங்கிச் சாலையைப் பிடித்து நடந்தால், குறுக்குத் தெருக்கள் எண் வரிசையில் வருவதால் வழி தவறாது. எட்டாவது கிராஸ் கடைவீதியைப் பார்த்துவிட்டு, மார்கோசா சாலையில் சி.டி.ஆர். கடையில் வெண்ணெய் தோசை சாப்பிடலாம். காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே, மண்மூடிக் கிடந்து 1990களில் வெளிப்பட்ட நந்தி தீர்த்தம் இருக்கிறது. நந்தியின் வாயிலிருந்து விழும் நீர் கீழேயுள்ள லிங்கத்தை நனைத்துக் குளத்தில் சேரும். குளப்படிகளில் நிழலும் உண்டு, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை.

காவேரிப்பட்டணத்தான்:

மிக்க நன்றி. சனியன்று பசவனகுடியும் லால்பாக்கும், ஞாயிறன்று மல்லேஸ்வரமும் என்று வைத்துக்கொள்கிறோம். விடியற்காலையில் நானும் மகளும் மட்டும் மார்க்கெட் போய்வருவோம். எங்கே தங்கலாம்? கன்னடம் தெரியாதது இடைஞ்சலாகுமா?

ஓசூர்வாசி:

மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தை ஒட்டிய காந்திநகரில் விடுதிகள் ஏராளம். இரவில் சத்தம் இருக்கும். ஆயினும் பச்சைத் தடமும் ஊதாத் தடமும் சந்திக்கும் நிலையம் அங்கேயே இருப்பதால், நீங்கள் சொன்ன மூன்று இடங்களுக்கும் மாறாமல் ஒரே ரயிலில் போகலாம். அறையைத் தெருப்பக்கம் இல்லாமல் பின்பக்கமாகக் கேளுங்கள். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், கடைக்காரர்கள் பெரும்பாலோருக்குத் தமிழ் புரியும். இருந்தாலும் பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் முதல் வார்த்தையைக் கன்னடத்தில் தொடங்குவதே மரியாதை. "எஷ்டு?" என்று விலை கேட்டாலே முகம் மலர்ந்து பேசுவார்கள்.