சிகிச்சை அறைக்குள் அம்மாவுக்கு இடம் உண்டா?

எங்கள் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். ஒரு வயது நெருங்கியும் உட்காராமல், தூக்கினால் இரண்டு கால்களும் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வதைப் பார்த்த குழந்தை நரம்பியல் மருத்துவர், இது மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) என்றார். மூளையில் ஏற்பட்ட காயம் இனி வளராது, மறையவும் மறையாது. தசை இறுகி மூட்டுகள் கோணிவிடாமல் காப்பதும், அவளால் இயன்றதைச் செய்யப் பழக்குவதும்தான் சிகிச்சை என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

முதலில் சென்றது ஒரு தனியார் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) மையம். ஓர் அமர்வுக்கு 400 ரூபாய், வாரத்துக்கு மூன்று அமர்வுகள். மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் என்று நாங்கள் போட்ட கணக்கில் பேருந்துக் கட்டணமோ, அவளை அழைத்துச் செல்வதற்காகத் தனியார் பள்ளி ஆசிரியை வேலையை விட்டதால் நின்றுபோன என் சம்பளமோ சேரவில்லை. அதைவிட உறுத்தியது, அங்கே தாய்மார்கள் அனைவரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நாற்பது நிமிடம் கழித்து அழுது களைத்த குழந்தையைக் கையில் கொடுப்பார்கள் என்பதுதான். உள்ளே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "எக்சர்சைஸ் கொடுத்திருக்கிறோம், அம்மா" என்பதே பதில். நாளின் மீதி நேரமெல்லாம் குழந்தை என் மடியில்தான் இருக்கிறாள். எனக்குத் தெரியாத பயிற்சியால் அவளுக்கு என்ன பயன் என்ற கேள்வி அந்தப் பெஞ்சில்தான் எழுந்தது.

மாற்றம் வந்தது, அரசு மருத்துவமனையில், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சென்ற பிறகு. தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் இம்மையங்களில் இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி எல்லாம் கட்டணமில்லாமல் கிடைக்கும். கூட்டம் அதிகம், காத்திருப்பும் அதிகம். ஆனால் அங்கிருந்த இயன்முறை மருத்துவர் முதல் நாளே என்னைப் பாயில் உட்காரச் சொல்லி, என் தொடையின் இரு பக்கமும் அவள் கால்கள் தொங்கும்படி குதிரை ஏறியதைப் போல அவளை உட்கார வைத்தார். கால்கள் அகன்றிருந்ததால் விறைப்பு மெல்லத் தளர்ந்தது. அந்த நிலையிலேயே சட்டையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, அவளாகவே கையை நீட்டிக் கைப்பகுதிக்குள் நுழைக்கும் வரை காத்திருக்கச் சொன்னார். உடை மாற்றுவதே பயிற்சியாகிவிட்டது. கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினால் அவள் பிடிக்குள் நிற்கும் என்பதும் அவர் சொல்லித் தந்ததே. இப்போது அவளுக்கு நான்கு வயது; சோற்றில் பாதி தரைக்குப் போனாலும் மீதியைத் தானே உண்கிறாள்.

தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் போன்ற நிறுவனங்களின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிச் சென்று பெற்றோருக்குக் கற்றுத் தருகிறார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனமும் உள்ளன. எங்கே சேர்த்தாலும், சிகிச்சை அறைக்குள் உங்களை அனுமதிக்கிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். கட்டணத்தை அப்புறம் கேட்கலாம்.

பண உதவியைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி எனும் தனித்துவ அடையாள அட்டையும் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. தொடர் சிகிச்சைக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துவதும், காப்பீட்டை மார்ச் 31-க்குள் புதுப்பிப்பதும் நம் பொறுப்பு. தமிழக அரசு மாதந்தோறும் தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை எங்களுக்குக் கிடைக்கவில்லை. மருத்துவக் குழு சான்றிதழில் எழுதிய பாதிப்புச் சதவீதம் அதற்குப் போதவில்லை. தனியாக நிற்கவே முடியாத குழந்தைக்குச் சதவீதம் குறைகிறது என்று சொல்வதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை. வருமான வரி கட்டும் குடும்பங்கள், பழைய வரிமுறையில் இருந்தால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்காகத் தங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போட்டால் குழந்தை நடந்துவிடும் என்று, உறவினர் ஒருவர் வழியாக ஓர் இடைத்தரகர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நகையை அடகு வைக்கும் யோசனையையும் அவரே தந்தார். இந்நோய்க்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையல்ல. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே பணம் வாங்கிக்கொண்டு அதைச் செய்வது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைகளுக்கே எதிரானது. என் மாமியார்தான் அந்த இடைத்தரகருக்குக் காபி கொடுத்து, வாசல் வரை சென்று வழியனுப்பினார். அந்த நகையில் ஒரு பகுதி பின்னர் கணுக்காலை நேராகத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்டுக்குப் போனது. கால் வளர வளர அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இப்போது அவளை அங்கன்வாடிக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தந்த சிறப்பு நாற்காலி அங்கேயே இருக்கிறது. அவளை அதில் எப்படி உட்கார வைப்பது, இடுப்புப் பட்டையை எவ்வளவு இறுக்குவது என்று பணியாளர் அக்காவுக்கு நான் காட்டிக் கொடுத்திருக்கிறேன். கழிவறைக்குத் தூக்கிச் செல்ல மட்டும் இடைவேளையில் நான் போய் வருகிறேன்.